காமன் கம்பம்: மலையகக் குடும்பங்களின் விழாக் கலையும் அதன் பொருளியல் அடிப்படையும்

மாசி மாத வளர்பிறையின் மூன்றாம் நாளளவில் மலையகத் தோட்டங்கள் பலவற்றில் ஒரு கம்பம் ஊன்றப்படுகின்றது. ஆமணக்கு, கரும்பு முதலிய தண்டுகளை ஒன்றுசேர்த்து, வைக்கோற்பிரி சுற்றி, வறட்டி கட்டி, மாவிலையும் பூவும் வர்ணத்தாளும் அணிவித்து நிறுத்தப்படும் அக்கம்பமே காமன் எனப்படுவது. தோட்டத்துக்குத் தோட்டம் பொருள்களிற் சில கூடும், சில குறையும். வைக்கோல் பெரும்பாலும் விடுபடுவதில்லை. பௌர்ணமியை ஒட்டிய இரவில் அது எரிக்கப்படுகின்றது. ஊன்றும் நாளுக்கும் எரிக்கும் நாளுக்கும் இடையே மதனும் ரதியும் லயங்களின் முன்னே தப்பிசைக்கு ஆடிவருவர். அவர்தம் திருக்கல்யாணம் நிகழும். தூதன், இந்திரன், தக்கன், வீரபத்திரன், யமன் ஆகியோர் தோன்றுவர். குறவனும் குறத்தியும் கோமாளியும் இடையிடையே சிரிப்பு மூட்டுவர். இவையனைத்தும் சேர்ந்ததே காமன் கூத்து.

இக்கூத்தை ஆராய்வோர் பொதுவாகப் பாடலையும் கதையையும் ஆட்டத்தையும் முதன்மைப்படுத்துவர். கம்பம் சடங்குக் குறிப்பாக ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். நாம் கம்பத்திலிருந்தே தொடங்க விரும்புகிறோம். இதற்குக் காரணம் எளியது. பாடலை நெஞ்சிற் சுமந்து கடல் கடக்கலாம். வைக்கோலைச் சுமந்து கடக்க முடியாது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் ஒரு விழாக் கலையைக் காப்பாற்றி வந்துள்ளன என்று கூறும்போது, எதைக் கொண்டு காப்பாற்றின, எவரிடமிருந்து பெற்றுக் காப்பாற்றின என்ற வினாக்கள் எழவேண்டும். அவை எழாதவிடத்து ‘மரபு’ என்னும் சொல் வெறும் புகழ்மொழியாகிவிடும்.

காமன் வழிபாட்டின் தொன்மைபற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. சிலப்பதிகாரத்திலே தேவந்தி கண்ணகிக்குக் காமவேள் கோட்டத்தைச் சுட்டுகிறாள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழி காமனை நோக்கிய நோன்புடனேயே தொடங்குகின்றது. தை, மாசி என்னும் மாதங்களும் அங்கே பேசப்படுகின்றன. இத்தகைய சான்றுகளைத் திரட்டிக் காமன் கூத்துக்கு ஈராயிரம் ஆண்டு வயது கணிப்பது நம் ஆய்வாளருக்கு எளிதில் வாய்த்த பொழுதுபோக்கு. ஆனால் கோட்டத்திலே காமனைத் தொழுத வணிக நகரத்துப் பெண்ணுக்கும், எட்டடிக் காம்பிரா வாசலில் நின்று ரதி புலம்பக் கேட்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ளது தொடர்ச்சி மட்டுமன்று. அவ்விருவருக்கும் இடையே நிகழ்ந்த முறிவே நமக்கு முக்கியமானது.

அம்முறிவு 1820களில் தொடங்குகின்றது. பிரித்தானியர் கண்டிப் பகுதியிலே கோப்பித் தோட்டங்களைத் திறந்தபோது தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். புகையிரதப் பாதை 1867இற் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் வருவதற்கு முன், மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை ஊடாக நடந்தே மலைநாட்டை அடைந்தனர். வழியிலே கொள்ளை நோய்க்கும் பசிக்கும் பலியானோர் பலர். மாத்தளையிலிருந்து கண்டிக்கு வரும் அப்பாதையில் அமைந்ததே நமது அக்குறணை. இவ்வூர் முஸ்லிம் வணிகர் ஊர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஊர். ஆயினும் பாதையில் நடந்து சென்றவர்களின் மொழி எமது மொழியே என்ற நினைவு இங்கு ஆழப் பதிந்ததாகக் கூறமுடியாது. வாடிக்கையாளர் என்ற அளவிலேயே அவர்களை இவ்வூர் நெடுங்காலம் அறிந்திருந்தது. இதனைப் பிறர்மேற் குற்றமாகக் கூறவில்லை. எமது இளமைக் காலமும் அவ்வாறே கழிந்தது. மாசி இரவுகளில் தொலைவிலிருந்து கேட்கும் தப்பொலியை நாம் தூக்கத்திற்கு இடையூறாகவே அறிந்திருந்தோம்.

கோப்பி நோயுற்று அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தோட்டத் தொழிலாளி பருவகாலத்தில் வந்து திரும்பும் நிலை மாறி, ஆண்டு முழுவதும் லயத்தில் குடும்பத்துடன் வாழவேண்டியவனானான். காமன் கம்பத்தைப் பொறுத்தவரை இம்மாற்றம் அடிப்படையானது. விழாவுக்குக் குடும்பம் வேண்டும், அயல் வேண்டும், அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இருப்போம் என்ற உறுதி வேண்டும். இவற்றைத் தந்தது தேயிலை. ஆனால் கம்பத்துக்கு இன்றியமையாத ஒன்றைத் தேயிலை தரவில்லை. தேயிலை மலையில் நெல் விளைவதில்லை.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் வைக்கோல் எவரும் எண்ணிப் பாராத பொருள். களத்திலே குவிந்து கிடக்கும். மாட்டுக்கும் கூரைக்கும் போக எஞ்சும். காமனுக்கு ஒரு கட்டு எடுப்பதை எவரும் செலவாகக் கருதார். நிலமற்ற பண்ணையாள்கூடத் தான் அறுத்த வயலின் வைக்கோலையே காமனுக்குச் சுற்றினான். வயல் அவனுடையதன்று எனினும் வைக்கோலில் அவனது உழைப்பு இருந்தது. தோட்டத்தில் இவ்வுறவு அறுந்தது. இங்கே வைக்கோல் வெளியிலிருந்து வரவேண்டும். பள்ளத்தாக்கிலே பெரும்போகம் அறுவடையாகும் காலமும் மாசியும் பெரிதும் ஒன்றையொன்று ஒட்டி வருவது தற்செயலான வசதி. அவ்வயல் சிங்கள விவசாயியினது.

அவ்விவசாயி யார்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரித்துறுதி காட்டப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதெனக் கொள்ள வழிசெய்தது. அவ்வாறு பறிக்கப்பட்ட மேட்டுநிலமே தோட்டமாயிற்று. மேட்டை இழந்து பள்ளத்து வயலுடன் ஒதுக்கப்பட்டவன் கண்டிக் குடியானவன். அம்மேட்டிலே நிலமின்றிக் குடியேற்றப்பட்டவன் தமிழ்த் தொழிலாளி. முன்னவனின் வயலிலிருந்து பின்னவனின் கம்பத்துக்கு வைக்கோல் செல்கின்றது. ஆண்டுக்கொருமுறை நிகழும் இச்சிறு பரிமாற்றத்திலே காலனித்துவம் மலைநாட்டில் செய்த முழுக் காரியமும் சுருங்கிக் கிடக்கின்றது எனலாம். இதனை இன நல்லுறவின் சின்னமாகப் போற்ற நமக்கும் ஆசைதான். நாம் சென்று பார்த்த தோட்டத்தில் வைக்கோல் சில ஆண்டுகளில் காசுக்கு வாங்கப்பட்டது, சில ஆண்டுகளில் சும்மா கிடைத்தது, பதற்றமான ஆண்டுகளில் கேட்கவே எவரும் போகவில்லை. கேட்கப் போகாத ஆண்டில் மானாப்புல்லை உலர்த்திச் சுற்றினார்கள். 1983 ஜூலையின் பின்வந்த மாசியைப்பற்றிக் கேட்டபோது முதியவர் ஒருவர், அந்த வருஷம் காமன் ஏற்கெனவே எரிந்துவிட்டான் என்றார். அதற்குமேல் நாம் கேட்கவில்லை.

புலம்பெயர்ந்தோரின் வைக்கோற் கலை உலகின் வேறிடங்களிலும் உண்டு. சுவீடன் நாட்டிலே நத்தார்ப் பண்டிகைக்கு வைக்கோலால் ஆடு செய்து வைப்பர். அறுவடையின் கடைசிக் கதிர்க்கட்டிலே விளைச்சலின் ஆவி தங்கியிருக்கிறது என்ற பழைய நம்பிக்கையுடன் அது தொடர்புபடுத்தப்படுகின்றது. 1850க்கும் 1930க்கும் இடையில் ஏறக்குறைய பதின்மூன்று இலட்சம் சுவீடன் மக்கள் அமெரிக்கா சென்றனர். அவர்தம் வழிவந்த குடும்பங்களில் அவ்வைக்கோல் ஆடு இன்றும் நத்தார் மரத்தடியில் நிற்கின்றது. மேலெழுந்தவாரியாக நோக்குவோர் இதனையும் காமன் கம்பத்தையும் ஒரே தட்டில் வைப்பர். தாயகம் நீங்கிய மக்கள், வைக்கோல், பண்டிகை, தலைமுறை என எல்லாம் பொருந்துகின்றன. வர்க்க நிலை பொருந்தவில்லை. மினசோட்டா போன்ற மாநிலங்களில் குடியேறிய சுவீடன் விவசாயிகளுக்கு 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச்சட்டத்தின் வழியாக நிலம் பெறும் வாய்ப்பு இருந்தது. அந்நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது வேறு கதை. சொந்த நிலத்துக் கோதுமைத் தாளில் ஆடு கட்ட அவர்களால் முடிந்தது. நமது தொழிலாளிக்குக் குடியேறி இருநூறு ஆண்டு சென்ற பின்பும், மிகப் பெரும்பாலானோரைப் பொறுத்தவரை, லயத்து வாசலில் ஊன்றும் கம்பத்தின் அடி மண் சொந்தமன்று. ‘புலம்பெயர்ந்தோர்’ என்னும் பொதுச்சொல் இவ்வேறுபாட்டை மறைப்பதற்கே பெரிதும் பயன்படுகின்றது.

இன்னுமொரு வேறுபாடும் நோக்கற்பாலது. சுவீடனின் யெவ்லெ நகரில் 1966 முதல் ஏறத்தாழ 13 மீற்றர் உயரமான வைக்கோல் ஆடு சதுக்கத்தில் நிறுத்தப்படுகின்றது. முதலாண்டிலேயே புத்தாண்டுக்கு முந்திய இரவில் எவரோ அதற்குத் தீ வைத்தனர். அதன்பின் பலமுறை அது எரிக்கப்பட்டதும், காவல் போடப்பட்டதும், எரித்தோர் தண்டிக்கப்பட்டதும் உலகறிந்தவை. (2023இல் வைக்கோலில் தானியம் எஞ்சியிருந்தமையால் பறவைகள் கொத்தித் தின்றன. அறுவடையின் ஆவி பறவைகளுக்கு மட்டும் புலப்பட்டது போலும்.) அங்கே காப்பதற்கென ஆக்கப்பட்டது எரிவது குற்றம். இங்கே எரிப்பதற்கென்றே ஆக்கப்படுகின்றது. காமன் கம்பத்தை அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது. வைக்கப்பட்டால் அது எரியாத கம்பம், அதாவது முடிவுறாத வேலை. ஆகவே இக்கலையைப் ‘பாதுகாத்தல்’ என்பது பொருளைப் பாதுகாத்தல் ஆகாது. ஆண்டுதோறும் அதனை மீண்டும் ஆக்கக்கூடிய மனித உறவுகள் நிலைத்தலே இங்கு பாதுகாப்பு.

அவ்வுறவுகள் எத்தன்மையன? தண்டு வெட்டுவோர் இளைஞர். வறட்டி தட்டுவோர் பெண்கள். மாடு வளர்க்கும் குடும்பம் சாணம் தரும். ரதி வேடத்துக்குச் சேலையும் வளையலும் மாலையும் லயத்துப் பெண்களே இரவல் தருவர். எந்த வீட்டுச் சேலையில் ரதி வருகிறாள் என்பது அவ்வாண்டுப் பேச்சாகும். மதனின் முடியும் தோளணியும் மட்டையில் வெட்டி, தங்கநிறத் தாள் ஒட்டி, கண்ணாடித் துண்டு பதித்துச் செய்யப்படுகின்றன. இத்தாள்கள் அருகேயுள்ள நகரத்துக் கடைகளிலிருந்து வருவன. அக்குறணைக் கடைகளும் இவற்றுள் அடங்கும். எமது பெரியோர் பிள்ளைகள் காமன் எரிப்பைப் பார்க்கச் செல்வதை விரும்பியதில்லை. தாள் விற்பதில் அவர்களுக்குத் தடையிருந்ததில்லை. ஆக, சிங்கள விவசாயியின் வைக்கோலும் முஸ்லிம் வணிகரின் தாளும் தமிழ்த் தொழிலாளியின் கைவேலையும் ஒரே கம்பத்திற் சேர்கின்றன. மூவருள் அதற்காக உழைத்தும் செலவழித்தும் இறுதியில் எரிப்பவர் ஒருவர் மட்டுமே.

கூட்டுழைப்பு என்பதனால் சமத்துவம் என்று கொள்ளலாகாது. கூத்துக்குப் புரவலராகக் கங்காணியும், பின்னர் தொழிற்சங்கத் தலைவரும் விளங்கிய நிலையை மறைப்பதிற் பயனில்லை. கங்காணி தந்த பணம் தொழிலாளியின் கடன் கணக்கிலேயே பிறந்த பணம். முதல் மாலையும் முதல் மரியாதையும் யாருக்கு என்பதில் தோட்டத்து அதிகாரப் படிநிலை அப்படியே வெளிப்பட்டது. தப்படிப்போர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். தப்பின்றிக் காமன் இல்லை, எனினும் தப்படிப்போருக்குத் திருக்கல்யாணத்தின் மாலை மரியாதையில் இடம் கிடைப்பது எளிதாயிருக்கவில்லை. பெண்களின் நிலை மேலும் முரண்பாடானது. ரதியாக ஆடுவோர் ஆண்கள். கூத்தின் உச்சம் ஒரு பெண்ணின் ஒப்பாரி. ஒப்பாரி பெண்களின் கலை. அதனை மேடையிற் பாடும் உரிமை பெண்களுக்கு இல்லை. ஆணின் குரலில் வரும் தம் ஒப்பாரியைக் கேட்டு அவர்கள் அழுகின்றனர். நாட்டார் கலையைத் தூய மக்கட் கலையெனப் போற்றும் முற்போக்காளர் இவ்விடத்தில் சற்று நிற்றல் நன்று. இத்தாலிய மார்க்சியர் அந்தோனியோ கிராம்ஷி தம் சிறைக் குறிப்பேடுகளில் நாட்டார் வழக்காற்றை ஒடுக்கப்பட்டோரின் உலகநோக்காகக் கண்டபோதே, அது ஒழுங்கற்றதும் முரண்பட்ட அடுக்குகளைக் கொண்டதும் என்பதையும் வலியுறுத்தினார். நா. வானமாமலை தமிழ் நாட்டார் பாடல்களைத் திரட்டி ஆராய்ந்தபோது சாதியும் வர்க்கமும் அவற்றுள் மோதும் முறையைக் காட்டியதும் இந்நோக்கினாலேயே.

இனிக் கதைக்கு வருவோம். தேவர்களின் தேவைக்காகச் சிவனின் தவத்தைக் கலைக்குமாறு இந்திரன் காமனை ஏவுகிறான். காமன் செல்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான். காளிதாசனின் குமாரசம்பவத்திலே காமன் தன் ஆற்றலைத் தானே புகழ்ந்து பெருமிதத்துடன் புறப்படுகிறான். ரதி அங்கே பேசுவது பெரிதும் அவன் எரிந்த பின்னரே. நான்காம் சருக்கம் அவள் புலம்பல். தோட்டத்துக் கூத்திலோ எரிவதற்கு முன்னரே ரதி பேசுகிறாள். போகாதே என்கிறாள், தீய கனவு கண்டேன் என்கிறாள், ஏவியவர் எவரும் உனக்குத் துணைவரார் என வாதிடுகிறாள். மதனும் ரதியும் தர்க்கிக்கும் இப்பகுதி நெடுநேரம் நீளும். கூட்டம் சிறிதும் கலையாதிருப்பதும் இப்பகுதியிலேதான்.

அரசவைக் கவி விரைந்து கடந்த இடத்தைத் தொழிலாளர் கூத்து ஏன் விரித்தது? ஏவுவோன் ஒருவன், ஏவலை நிறைவேற்றி மாள்பவன் மற்றொருவன் என்ற நிலையை அன்றாடம் வாழ்ந்தோர்க்கு அவ்விடமே கதையின் மையமாகப் பட்டது என்பது நமது கருத்து. மேலதிகாரியின் சொல்லை மறுக்கவியலாக் கணவனை வாசலில் மறித்து நிற்கும் மனைவி, லயத்திலே புராணப் பாத்திரம் அல்லள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலியானார். அப்படிப்பட்ட சாவுகளின் நினைவுடனேயே இக்கூட்டம் ரதியைக் கேட்கிறது. இதனால் சிவன் என்றால் துரை, இந்திரன் என்றால் கங்காணி, காமன் என்றால் தொழிலாளி எனச் சமன்பாடு எழுதிவிடலாகாது. அது இயந்திரவாதம், முற்போக்கு விமர்சனம் தனக்குத்தானே தேடிக்கொண்ட அவப்பெயர்களுள் ஒன்று. அதே கூட்டம் சிவனைக் கைகூப்பித் தொழவும் செய்கிறது. தொழுகையும் முறையீடும் ஒரே நெஞ்சில் அருகருகே இருப்பதே இக்கூத்தின் உண்மை.

முடிவு இன்னும் சிக்கலானது. சிவன் இரங்கிக் காமனை எழுப்புகிறார்; ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். மதம் அளிக்கும் சமரசத்தின் இலக்கணமாகவே இதைக் கொள்ளலாம்: இழப்பு ஈடுசெய்யப்பட்டது, ஆனால் வேறெவரும் அதைச் சரிபார்க்க முடியாது. மக்கள் இச்சமரசத்தை அப்படியே விழுங்கினர் என்பதற்கில்லை. தஞ்சைப் பகுதி லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு அணியினர் இரவு முழுவதும் வாதிடுவர். காமன் எரிந்தான் என்பது ஓரணி. உருவிலியானான், எரியவில்லை என்பது மற்றது. சைவ சித்தாந்த நுட்பங்களும் வசைமொழிகளும் அவ்வாதத்திற் கலந்து வரும். புராணம் முடித்துவைத்த வழக்கை மக்கள் ஆண்டுதோறும் மீண்டும் விசாரணைக்கு எடுக்கின்றனர். தஞ்சையிலிருந்து வந்தோரின் பேரப்பிள்ளைகளிடையே இவ்வாதம் எவ்வுருவில் வாழ்கிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

நாட்டார் வடிவம் எப்போதும் மக்கள் பக்கமே நிற்கும் என்ற நம்பிக்கையை மலையக இலக்கிய வரலாறே மறுக்கின்றது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி, பெண்கள் கைகொட்டி ஆடும் வடிவத்தைக் கொண்டு கோப்பிச் செய்கையைத் தோட்ட முதலாளியின் நோக்கில் போற்றியது. (கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதலிற் காணப்பட்டதும் அதே ஆண்டில்.) 1930களில் கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் மக்கள் அறிந்த மெட்டுகளிலே தொழிலாளர் துயரையும் உரிமையையும் பாடித் தோட்டம்தோறும் சென்றனர். கும்மியும் சிந்தும் பிறப்பிலே ஒரு குடும்பத்தவை. எவர் பாடினார், எவருக்காகப் பாடினார், பாடிய பின் என்ன நிகழ்ந்தது என்பவையே அவற்றைப் பிரித்தன. காமன் கூத்தையும் இவ்வாறே மதிப்பிடவேண்டும்.

இங்கே நமது பல்கலைக்கழகத்தின் பங்கையும் கூறாதிருப்பது நேர்மையாகாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையிலே கூத்து மீட்டெடுப்பில் ஈடுபட்டார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியன 1962 முதல் 1967 வரை மேடையேறின. விடியவிடிய ஆடும் கூத்து ஓரிரு மணி நேரத்துள் சுருக்கப்பட்டது; வட்டக்களரி படச்சட்ட மேடைக்கு வந்தது. தமிழ்க் கலையுலகம் நாட்டுக்கூத்தை மதிக்கத் தொடங்கியது அம்முயற்சியினாலேயே. அதன் வரலாற்றுப் பெறுமதியை நாம் எவ்வகையிலும் குறைத்துக்கூறவில்லை. ஆயினும் அங்கு முதன்மை பெற்றது மட்டக்களப்பு மரபு. பல்கலைக்கழக விடுதிகளின் பின்புறத்தே எழும் ஹந்தானை மலைத் தோட்டங்களின் மாசித் தப்பொலி அரங்குக்குள் உரிய இடம் பெறவில்லை. அக்கூத்தை ஆடியோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டிருந்தனர் என்பதையும் இத்துடன் சேர்த்து நோக்கவேண்டும். தேசிய நாடக மரபு ஒன்றைத் தேடிய காலத்தில், தேசத்துக்குள் சேர்க்கப்படாதோரின் நாடகம் தேடுவோர் கண்ணிற் படவில்லை. ரதிக்கு மட்டும் தெரிந்த காமனைப் போல அவர்களும் தமக்கு மட்டும் தெரிந்தனர்.

இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. பிரசாவுரிமைச் சிக்கல் 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களினாற் பெருமளவு தீர்ந்தது. 2023இல் மலையகம் 200 எனும் நினைவுகூரல் பரவலாக நிகழ்ந்தது. காமன் கூத்து இப்போது அழைக்கப்படும் கலை. சில ஆண்டுகளுக்கு முன் விழா மண்டபம் ஒன்றில் அதனைக் கண்டோம். இருபது நிமிடம். கம்பம் ரெஜிபோமில் வெட்டப்பட்டு மஞ்சள் வர்ணம் பூசப்பட்டிருந்தது. மண்டபத்தினுள் தீ மூட்ட இயலாதாகையால் செந்நிற விளக்கு ஒளிர்ந்தது. புகைப்பொறி புகையைக் கக்கியது. மதனும் ரதியும் நன்கு ஆடினர், இளைஞர் இருவர், குற்றம் சொல்ல ஏதுமில்லை. தர்க்கப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டபோது, சனங்களுக்கு ஆட்டம்தான் விருப்பம் என்றனர் ஏற்பாட்டாளர். கூட்டம் கலையாதிருந்த பகுதி எதுவோ அதுவே வெட்டுவதற்குரிய பகுதியாயிற்று. வித்தியானந்தன் சுருக்கியது கூத்தின் நாடகப் பண்பைத் துலக்குவதற்காக; இங்கே சுருங்கியது நாடகப் பண்பே.

ஆடியவர்களை நாம் குறைகூறவில்லை. அவ்விரவில் அவர்களுக்குக் கிடைத்த பணம் தோட்டத்துச் சம்பளத்தைவிடக் கூடுதல் என்றே அறிந்தோம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கு 2021வரை போராட வேண்டியிருந்த சமூகத்தில், கலை பிழைப்பாவதை மரபின் சிதைவு என்று பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு கடிந்துகொள்வது எளிது. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டனர்; மாசியில் விடுப்பெடுத்து வருவோர் வரும்வரை கம்பம் ஊன்றும் நாள் தள்ளிப்போடப்படுகின்றது. வளர்பிறைக் கணக்கு முதலாளியின் விடுமுறைக் கணக்குக்கு இடம் கொடுத்துவிட்டது. இதுவும் அக்கலையின் வரலாறே.

நாம் பார்த்த தோட்டத்தில் காமன் மாஸ்டர் ஒரு கொப்பி வைத்திருந்தார். அவர் மாமன் எழுதியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பங்கிட்டது. அப்பங்கீட்டில் மாமன் தலைமன்னாரிற் கப்பலேறினார். மருமகன் இங்கே நின்றார். புறப்படுவதற்கு முன் இரவிரவாகப் பாடல்களைப் பிரதிசெய்து கொடுத்ததாகக் கூறினார்கள். கொப்பியின் பிற்பகுதியில் கையெழுத்து அவசரத்திற் சரிந்து செல்கிறது. ரதியின் தர்க்கம் முழுமையாக உள்ளது; உயிர்ப்பித்தற் பாடல் பாதியில் நிற்கிறது. அதனை மருமகன் தாமே இட்டு நிரப்பிப் பாடிவருகிறார். இரண்டுக்குமிடையே மொழியில் தெளிவான வேறுபாடு உண்டு. மாமனின் பாட்டில் வராத பெரட்டும் கொந்தரப்பும் மருமகனின் பாட்டில் வருகின்றன. பாட வேறுபாட்டு ஆய்வுக்கு இதைவிடச் செழிப்பான களம் நம் துறையில் அண்மையில் கிடைத்ததில்லை.

கொப்பியைப் படியெடுக்க அனுமதி கேட்டோம். மாஸ்டர் ஒரே நிபந்தனை விதித்தார்: அச்சில் வருமாயின் தோட்டத்தின் பெயர் வரவேண்டும். அருகிலிருந்த தலைவர் உடனே மறுத்தார். கம்பத்துக்குத் தண்டும் பந்தலுக்குக் கம்புகளும் தோட்டக் காணியில் வெட்டியவை. நிர்வாகத்திடம் கேட்டு வெட்டியவை அல்ல. பெயர் வந்தால் அடுத்த மாசியில் வெட்ட முடியாது என்பது அவர் வாதம். இருவரும் நெடுநேரம் வாதிட்டனர். இவ்விடயம் இன்னும் தீரவில்லை. இக்கட்டுரையில் இப்போதைக்குத் தலைவரின் சொல்லையே ஏற்றுள்ளோம்.